மெக்கானிக் வந்தாச்சு

என் அம்மா அடைக்கலமேரியின் காரிலிருந்து, சனிக்கிழமை மதியம், எல்லாரும் வீட்டில் இருக்கிற வேளையில், அலாரம் இரண்டு தடவை தொண்டை கிழியக் கத்தியும், அவள் நோயாளிகளுக்குக் கரண்ட் வைக்கிற மெஷினைப் பெட்டியோடு ஒருவன் தூக்கிக்கொண்டு போனான். இந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள், பார்த்ததோடு விடாமல் நன்றியும் சொன்னார்கள். எழுந்து நின்றதும் இதைத்தான் சொல்லப்போகிறேன், இதே வரிசையில், இதே குரலில். யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது, யார் கண்ணெதிரே நடந்தது. பல்கலைக்கழக மேடையில் இப்படித்தான் ஆரம்பிப்பேன், எதிரணி முதல் வாக்கியத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிடும். ஆனால் இங்கே என் முறை வந்தால்தானே. ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டம், கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளில் ஆண்கள், பெண்கள் மாடிப்படியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பதுபோல. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, யாரும் வேறு மாதிரி உட்கார்ந்ததும் இல்லை. நான் வேண்டுமென்றே ஒரு நாற்காலியை இழுத்து நடு வரிசையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் நகர்ந்தார், என் மேல் பட்டுவிடும் என்றல்ல, என் கோபம் அவர் மேல் பட்டுவிடும் என்று. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முதலில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் லிஃப்ட், அப்புறம் மொட்டைமாடியில் யார் கொடியில் யார் துணி காயப்போட்டது, கடைசியாக இதர விஷயங்கள். நாங்கள் இதர விஷயங்கள். செயலாளர் தர்மலிங்கம் தொட்டியில் இறங்கிக் கழுவுகிற ஆட்களைப் பற்றிப் பேசுகிறார், தண்ணீர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேட்கிறார், அதற்குக் குலசேகரன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "எங்க வீட்டம்மாவக் கேளுங்க சார், கொரியர்காரன், குப்பைக்காரன், கேஸ்காரன், போறவன் வர்றவன் எல்லாருக்கும் ஜன்னல் வழியா தண்ணி குடுத்தே டேங்க்கக் காலி பண்றா" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். படியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி சற்குணம் ஆன்ட்டியும் சிரிக்கிறாள், புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தன்னை வைத்துச் செய்கிற கேலிக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிற சிரிப்பு. அம்மாவிடமும் அது உண்டு.

இதே சிரிப்பை அம்மா போன மாதக் கூட்டத்தில் சிரித்தாள். அன்றைக்கு விஷயம் அலாரம். கார் பழசு, நாங்கள் மூன்றாவது கை, அலாரம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பூனை குதித்தால் கத்தும், தெருவில் சாவு ஊர்வலத்து வெடி வெடித்தால் கத்தும், ஸ்கூல் வேன் பின்னால் வந்தால் கத்தும், சில நாள் எதற்கென்றே இல்லாமல் கத்தும். கத்தின அடுத்த நிமிஷம் குடியிருப்பு வாட்ஸப்பில் "மேரி மேடம், உங்க கார்" என்று வரும், கீழே கைகூப்புகிற படம், அந்தக் கைகூப்பலில் எத்தனை வெறுப்பு இருக்க முடியும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா ரிமோட்டை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிய ஆரம்பித்தாள். கத்தியதும் எட்டிப் பார்க்கமாட்டாள், முதலில் அமுக்குவாள். சுவரைப் பார்த்து "சாரி, சாரி" என்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும். போன மாதம் குலசேகரன் எழுந்து, "ஒரு வண்டி இத்தன தடவ கத்துனா அது வண்டியில்ல மேடம், கைக்கொழந்த. யாராச்சும் தூக்கி இடுப்புல வச்சுக்குங்க" என்றார். சிரிப்பு. அம்மாவும். அடுத்த கூட்டத்துக்குள் மெக்கானிக்கை வரவழைத்து அலாரத்தைக் கழற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. நான் அன்றைக்கு இல்லை, இருந்திருந்தால் கேட்டிருப்பேன், கத்துவதற்காகவே வைத்த பொருள் கத்துகிறது என்று புகார் சொல்கிறவர்களை என்ன செய்வது என்று. ஆனால் நேர்மையாக யோசித்தால் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, எதிரணிக்கு நானே வாதம் எடுத்துக்கொடுக்கிற புத்தி எனக்கு, தினம் கத்துவது எதையும் சொல்வதில்லை, வராத திருடனுக்காகக் கத்திக் கத்தி, வருகிற திருடனுக்கு அது காதைப் பழக்கி வைக்கிறது. இதற்கு மறுப்பு என்ன? மறுப்பு இருக்கிறது, எங்கேயோ இருக்கிறது, கைக்கு வரமாட்டேன் என்கிறது, ஏனென்றால் மீன் செதில் குறுக்கே வருகிறது.

செதில் இப்போதும் ரிமோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்து, கண்ணாடித் துணுக்குபோல, பட்டனுக்கு ஓரத்தில். அம்மா துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவள் காலை நேர பிசியோதெரபி வீடுகளை முடித்துவிட்டு வந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்கு மறுபடி ஸ்ரீரங்கம் போகவேண்டும், லிஃப்ட் ஓடவில்லை, பெட்டி கனம், மூன்று மாடி, அதனால் மெஷினைக் காரிலேயே விட்டுவிட்டாள். அலாரம் கத்தியது. செதில் ஒட்டிய கையோடு அமுக்கினாள். நின்றது. மறுபடி கத்தியது. மறுபடி அமுக்கினாள். அந்தப் பழைய வகையில் ஒரே பட்டன்தான், அமுக்கினால் சத்தமும் நிற்கும், கதவுப் பூட்டும் திறந்துகொள்ளும். கீழே இருந்தவன் செய்ததெல்லாம் காரை இடுப்பால் இரண்டு தடவை இடித்ததுதான். மிச்சத்தை அம்மா மேலே இருந்து, குனிந்த தலையோடு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்து கொடுத்தாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ராத்திரி வெகுநேரம் ரிமோட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானே புரிந்துகொண்டேன்.  அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனுஷியை, தன் பொருளைத் திருடுகிறவனுக்குத் தானே கதவைத் திறந்து விடுகிற அளவுக்கு வெட்கப்பட வைத்தது யார்? இதைச் சொல்லவேண்டும், ஆனால் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லமாட்டேன். சொல்லாமல் எப்படி வாதத்தைக் கட்டுவது? அடுத்ததுக்குப் போவோம். கதவு திறந்த பிறகு அம்மாவுக்குக் கீழேயிருந்து, தரைத்தள வீட்டு ஜன்னலிலிருந்து, ஒரு குரல் கேட்டிருக்கிறது, குலசேகரனின் குரல், அந்தக் குரலை யாரும் தவறவிட முடியாது, "ஒரேயடியாப் புடுங்கிப் போட்டுருப்பா, நிம்மதியா இருக்கும்" என்று. தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அம்மா மீனுக்கு மஞ்சள் தடவியிருக்கிறாள். நான் அப்போது பல்கலைக்கழக நூலகத்தில். வாட்ஸப்பில் குலசேகரன், "கடைசியில் மெக்கானிக் வந்தாச்சு. மேரி மேடத்துக்கு நன்றி." அதற்குக் கீழே தர்மலிங்கம் கட்டைவிரல். இன்னும் சிலரும் கட்டைவிரல். வேலை செய்யும் ஆளின் முதுகைப் படம் பிடித்துப் போடுகிற அளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லை, அதுதான் என் துரதிர்ஷ்டம். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, "மெக்கானிக் வந்துட்டாராமே, எவ்வளவு நேரமாச்சு?" என்றேன். "எந்த மெக்கானிக்கு? அவரு திங்கக்கெழமதான வர்றேன்னாரு" என்றாள் அம்மா.  அவள் செருப்பில்லாமல் படியிறங்குகிற சத்தம் போனில் கேட்டது.

கார் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. பானெட்டை மட்டும் அவன் சரியாக மூடவில்லை, உள்ளே அலாரத்தின் வயர் இரண்டாக அறுந்து தொங்கியது. இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொள்கிறேன், நேற்றிலிருந்து. பெட்டி அவன் கைக்கு வந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதான், எதற்கு பானெட்டைத் திறந்து வயரை அறுத்தான்? குலசேகரன் சொன்னதற்காக. ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் வேலை சொல்கிறார், செய்துவிட்டுப் போவோமே என்று. இந்தக் குடியிருப்பிலேயே சொன்ன வேலையைச் சொன்ன உடனே செய்து முடித்த ஒரே ஆள் அவன்தான், லிஃப்ட்காரன்கூடச் செய்யவில்லை. சிரிப்பு வருகிறது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. கையை விரிக்கவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். மெஷின், லேப்டாப் தூக்குகிற இரண்டு மூன்று பேரின் போட்டோ இருக்கிறது, பார்த்த ஆள் ஒருத்தர் வந்து இவன்தான் என்று சொன்னால் போதும், ராத்திரிக்குள் வீட்டிலேயே போய்த் தூக்கலாம், ஆறப்போட்டால் வெளியூருக்குக் கைமாறிவிடும், உதிரியாகப் பிரித்துவிடுவார்கள் என்றார். பார்த்த ஆள் ஒருத்தர். கட்டடம் நிறையப் பார்த்தவர்கள். நாங்கள் திரும்பி வருவதற்குள் வாட்ஸப்பில் குலசேகரனின் செய்தி இல்லை, இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது, அதற்குக் கீழே தர்மலிங்கத்தின் கட்டைவிரல் எதைப் பார்த்துத் தூக்கினோம் என்று தெரியாமல் தனியாக நின்றது, கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அம்மா ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். நாங்க தூங்கிட்டிருந்தோம் மேடம். நான் டிவி பாத்துட்டிருந்தேன் மேடம். சத்தம் கேட்டுச்சு, ஆனா உங்க கார் வழக்கமாக் கத்துறதுதான மேடம். குலசேகரன் வீட்டில் அவரே வந்து திறந்து, "எவனோ வந்தான், எவனோ போனான், மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருக்க முடியும்? ஸ்டேஷன், கோர்ட்டுன்னு இந்த வயசுல என்னால அலைய முடியாதும்மா" என்றார். பின்னால் சற்குணம் ஆன்ட்டி நின்றாள், தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டு. அவளுக்குப் போன வருஷம் தோள்பட்டை இறுகிப்போய்க் கை காதுக்கு மேல் போகாது, தலை பின்னிக்கொள்ள முடியாது, அம்மா அந்த மெஷினைத்தான் தினம் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள், ஒரு பைசா வாங்காமல். கதவு மூடிக்கொண்டது. அம்மா, "பாவம், அவங்களுக்கும் வீட்ல பிரச்சன இருக்கும்" என்றாள். பாவம். எல்லாரும் பாவம், ஸ்ரீரங்கத்து நடேசன் வாத்தியாரைத் தவிர. பக்கவாதத்தில் விழுந்து, இத்தனை நாள் கரண்ட் வைத்து, போன வாரம்தான் அவர் சுண்டுவிரல் தானாக அசைந்தது, அவர் மனைவி அதற்குச் சாமிக்கு மாலை போட்டாள். இப்போது விட்டால் விரல் மறந்துவிடும் என்று அம்மா சொன்னாள். விரல் மறந்துவிடும். எனக்கு அந்த வாக்கியம் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கத்துக்குள் வந்து வந்து நின்றது.

லிஃப்ட் முடிந்தது, மொட்டைமாடி நடக்கிறது, யாரோ ஒருவரின் நைட்டியைப் பற்றி ஆண்கள் நாகரிகமாகப் பேச முயல்கிறார்கள். நான் என் வாதத்துக்கு வருகிறேன். அலாரத்தால் பயன் உண்டா, இல்லையா. இல்லை என்கிறவர் சொல்வது, திருடன் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. சரி, பயப்படுவதில்லை. அவன் பயப்படுவது ஆளுக்கு. சத்தம் என்பது ஆள் வருவார் என்கிற மிரட்டல், அவ்வளவுதான். ஆள் வராத இடத்தில் அது மிரட்டல்கூட இல்லை, வெறும் தொந்தரவு, அதற்குப் பிறகு திருடுகிறவன் தொந்தரவில்லை, கத்துகிறதுதான் தொந்தரவு. இந்த இடம் வரும்போதெல்லாம் பஸ் வந்துவிடுகிறது. சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பின டவுன் பஸ், நான் முதல் வருஷம், கூட்டம், பின்னால் ஒரு உடம்பு, வேண்டுமென்றே, ஒவ்வொரு பிரேக்குக்கும், அந்தச் சூடு, வெற்றிலை மூச்சு, துணிக்கு மேலேயே என் முதுகில் அழுக்கு அப்பினதுபோல். கத்தினேன். இருக்கிற மூச்சை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். பஸ்ஸே திரும்பியது, என்னைப் பார்த்து. அவனைப் பார்த்து ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர், "ஏம்மா கத்துற, எறங்கறதுன்னா எறங்கு" என்றார். பக்கத்துச் சீட்டு அம்மாள் ஒருத்தி மெதுவாக, "கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள், எனக்குச் சமாதானமாகவாம். அவன் அடுத்த நிறுத்தத்தில் அவசரமே இல்லாமல் இறங்கினான், நின்று பீடி பற்ற வைத்தான். அன்றைக்கு நான் குளித்தேன், திரும்பக் குளித்தேன், அழுக்கு அவன் பட்ட இடத்தில் மட்டும் இல்லை, என் தொண்டையிலும் இருந்தது, கத்தின இடத்தில். அம்மாவிடம் சொன்னபோது அவள் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அடுத்த தடவ பேசாம எறங்கிரு பாப்பா" என்றாள். அவளும் அமுக்கினாள், அந்தப் பட்டனை, எனக்கு. அன்பாகத்தான். எல்லாரும் அன்பாகத்தான் அமுக்குகிறார்கள். நான் அதற்கப்புறம்தான் விவாத மேடைக்குப் போனேன், அங்கே மணி அடிக்கிறவரைக்கும் ஒருவரும் குறுக்கிட முடியாது, அது விதி. பரிசுக் கோப்பைகளை அம்மா ஷோகேஸில் அடுக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கோப்பைகளைப் பார்த்தால் சில நேரம் எனக்கு அலாரம்போலவே இருக்கும், பளபளவென்று, ஒருத்தரையும் எதிலிருந்தும் காப்பாற்றாமல்.

"இதர விஷயங்கள்" என்றார் தர்மலிங்கம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "மேரி மேடம் வண்டி சம்பந்தமா. நடந்தது வருத்தந்தான். அந்த அலாரம் விஷயம் எப்படியோ முடிஞ்சுது. மத்ததுக்கு, சார் மஸ்கட்லேர்ந்து வரட்டுமே, உக்காந்து பேசிக்கலாம்." அப்பா வருவது தீபாவளிக்கு. நான் எழுந்தேன். யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது என்று ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் நன்றாகத்தான் வந்தது. நன்றியும் சொன்னீர்கள் என்ற இடத்தில் குலசேகரன், "ஏம்மா, இது உங்க காலேஜ் பட்டிமன்றம் இல்ல. அலாரம் கத்தி நின்னுருக்கு, ஒருத்தன் வண்டிக்குள்ள குனிஞ்சு நிதானமா வேல பாக்குறான், மெக்கானிக்குன்னுதான நெனப்போம்? திருடன்னா ஓடமாட்டானா?" என்றார். சரியான கேள்வி. அதுதான் என்னை வெறுப்பேற்றியது, சரியான கேள்வியாக இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வரிசையின் கடைசியில் ஏதோ ஒரு கார் கத்த ஆரம்பித்தது. பீ, பீ, பீ என்று, விளக்குகள் மினுக்கி மினுக்கி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்காலிகளில் இருந்த ஒவ்வொருவர் கையும் அவரவர் பாக்கெட்டுக்குள் போனது, தலை ஒன்றும் திரும்பவில்லை, பேச்சுக்குக் காது கொடுத்தபடியே எல்லாரும் பாக்கெட்டுக்குள் எதையோ அமுக்கினார்கள். யாருடையதோ ஒன்று பட்டது, கத்தல் நின்றது. எந்தக் கார், ஏன் கத்தியது, யாராவது அதன் பக்கத்தில் நிற்கிறானா, ஒருவரும் பார்க்கவில்லை. அம்மாவின் கையும் இடுப்புக்குப் போயிருந்தது. வயர் அறுந்த காருக்கான ரிமோட்டை அவளும் அமுக்கியிருந்தாள்.

மனப்பாடம் செய்த எல்லாம் என் வாயிலிருந்து போய்விட்டது. வாதம் இல்லை, மறுப்பு இல்லை. தொண்டை மட்டும் இருந்தது, அழுக்கோடு. "அவன் எப்படி இருந்தான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "ஒருத்தர் போதும். ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். எங்களுக்கு மெஷின் வேணும்."  யாரோ நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் அடுக்கினார்கள். தர்மலிங்கம் கூட்டம் முடிந்தது என்று சொல்ல மூச்சை இழுத்தார். குலசேகரன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், போதும், வா, என்கிற இழுப்பு. அப்போது படியில் ஒரு கை எழுந்தது, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல், காதுக்கு மேலே, முழுசாக. குலசேகரன், "நீ உக்காருடி" என்றார். கை இறங்கவில்லை. சற்குணம் ஆன்ட்டி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மஞ்சச் சட்ட மேரி. இடது புருவத்துல ஒரு தழும்பு. நம்ம ஜன்னல் கிட்ட வந்து தண்ணி கேட்டான், குடுத்தேன். குடிச்சிட்டு டம்ளரக் கழுவித்தான் தந்தான். இனிமே இது கத்தாதுக்கா, நிம்மதியாத் தூங்குங்கன்னு சொல்லிட்டுப் போனான்."